காரின் எச்சரிக்கை விளக்குகள்: கொள்ளேகால் வழிச் செல்வோருக்கு

பெங்களூரிலும் மைசூரிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை ஆகியவை நெருங்கினால் ஊர்ப் பயணமும் நெருங்கிவிட்டது என்றே பொருள். சேலம் வழியாகச் செல்வோர் ஒரு சாரார். கோயம்புத்தூர், சத்தியமங்கலம், கோபி, அந்தியூர்ப் பக்கத்தவரோ கனகபுரா, மளவள்ளி வழியாகக் கொள்ளேகாலை அடைந்து, அங்கிருந்து சாமராஜநகர், திம்பம் மலைப்பாதை வழியே இறங்குகின்றனர். மேட்டூர்ப் பக்கம் செல்வோர் கொள்ளேகாலிலேயே கிழக்கே திரும்பி, ஹனூர், மாதேசுவரன் மலை, பாலாறு என்று போகின்றனர். எவ்வழியாயினும் கொள்ளேகால் நமக்கு ஒரு தங்கல். காப்பி அருந்தவும், குழந்தைகளை இறக்கிக் கால் நீட்டவும், ஆசையிருந்தால் பட்டு விசாரிக்கவும் ஏற்ற ஊர். 1956 நவம்பர் முதல் நாள் வரை இவ்வூர் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் தாலுகாவாகவே இருந்தது. பின்னர் மைசூர் இராச்சியத்தோடு சேர்ந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இப்பொழுது அடங்கியுள்ளது. கடைத்தெருவில் தமிழ் இன்றும் செல்லுபடியாகும்.

இந்தப் பாதையில் போகிற நம்மவர் கார்களில் அண்மைக் காலத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். முன்பு டர்போ என்றால் லாரிக்கும் டீசல் ஜீப்புக்கும் உரியதென்றும், பெட்ரோல் காரில் அது இருந்தால் பந்தயக் காரென்றும் எண்ணியிருந்தோம். அந்த நிலை போயிற்று. 2013-இல் மறைமலை நகர்த் தொழிற்சாலையிலிருந்து ஒரு லிட்டர் டர்போ எஞ்சினோடு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வெளிவந்தது. அதே ஆண்டில் வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. வந்து இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தது. 2021-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்ட ஹூண்டாய் ஐ-20 என் லைன் வந்தது. 2022-இல் வோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. ஒன்றரை லிட்டர் டர்போவோடு வந்தது. இவற்றுட் சில விளையாட்டுக் கார் என்ற பெயருக்கே உரிய வேகம் உடையவை. ஓட்டுகிறவர் இருபத்தைந்து வயது மகன்; பின்னால் அமர்ந்திருப்பவர்கள் தாத்தாவும் பாட்டியும். டாஷ்போர்டில் திடீரென ஒரு விளக்கு எரிகிறது. என்ன செய்வது? வண்டியை நிறுத்துவதா, ஓட்டுவதா? அந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதே நம் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எச்சரிக்கை விளக்கு, கெட்டுப்போன உறுப்பின் பெயரைச் சொல்வதில்லை. எந்தப் பகுதியில் தொல்லை, எவ்வளவு அவசரம் என்ற இரண்டை மட்டுமே சொல்கிறது. பகுதியைச் சொல்வது உருவம். அவசரத்தைச் சொல்வது நிறம். சிவப்பாயின் பாதுகாப்பான இடம் கண்டு நிறுத்த வேண்டும். மஞ்சளாயின் நிதானமாக ஓட்டிச் சென்று விரைவில் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும் செய்தி மட்டுமே. இவ்வுருவங்கள் உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கும்படி அகில உலகத் தர நிர்ணய அமைப்பு வகுத்துள்ளது. ஆகையால் ஜெர்மானியக் காரில் கற்றது கொரியக் காருக்கும் பெரும்பாலும் பொருந்தும். மஞ்சள் விளக்கைக் கண்டு நடுங்கி நடுக்காட்டில் நிற்பவரும் உண்டு. சிவப்பு விளக்கைக் கண்டும் “இன்னும் 20 கிலோமீட்டர்தானே” என்று ஓட்டுபவரும் உண்டு. பின்னவர் இழப்பதே பெரிது.

சிவப்பு விளக்குகளுள் தலையாயது எண்ணெய் அழுத்த விளக்கு. நம் வீட்டுக் கெண்டியைப் போல மூக்கு நீண்ட பாத்திரமும், மூக்கின் நுனியில் ஒரு சொட்டுமாக அது காட்சியளிக்கும். மற்ற எந்த விளக்கை மறந்தாலும் இந்தக் கெண்டியை மறத்தல் ஆகாது. டர்போ வண்டி வைத்திருப்பவர் கனவிலும் மறத்தல் ஆகாது. காரணம் சொல்வோம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே போகாமல், அதைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதே டர்போ. ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் புக்கி 1905-இல் இதற்கு உரிமை பெற்றார். சிறிய கார்களில் இச்சக்கரம் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுக்களையும் தாண்டிச் சுழலும். ஒரு புறம் மோதும் புகையின் வெப்பம், பெட்ரோல் வண்டியில் 900 டிகிரி செல்சியசுக்கும் மேற்படும். இத்தனை வேகத்தையும் வெப்பத்தையும் தாங்கும் அச்சுத்தண்டு, பெரும்பாலான கார்களில், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடியே சுழல்கிறது. அழுத்தத்தோடு எண்ணெய் வரும் வரையில் உலோகம் உலோகத்தைத் தொடாது. எண்ணெய் நின்றால் சில நொடிகளிலேயே உராய்வு தொடங்கிவிடும். சாதாரண எஞ்சினில் எண்ணெய் வறண்டால் எஞ்சின் கெடும். டர்போ வண்டியிலோ டர்போவும் எஞ்சினும் சேர்ந்து கெடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. நம் மண்ணில் செய்யப்பட்ட வண்டியே இதற்குச் சான்று பகர்கிறது. மறைமலை நகரில் உருவான ஈகோஸ்போர்ட் கார்கள் கடல் கடந்து அமெரிக்காவிலும் விற்பனையாயின. 2023 டிசம்பரில், ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்டுகளையும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ் கார்களையும் சேர்த்து, ஏறத்தாழ 1,40,000 வண்டிகளை ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அந்த எஞ்சினில் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது, எண்ணெயிலேயே நனைந்தபடி ஓடும் ஒரு பெல்ட். அப்பெல்ட்டின் பற்கள் தேய்ந்து உதிரலாம். அதை இறுக்கிப் பிடிக்கும் கை முறியலாம். அங்ஙனம் நேர்ந்தால் எண்ணெய் அழுத்தம் போய்விடும், எஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுபோகலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் குறையலாம் என்பதே அழைப்புக்குக் காரணம். ஓட்டுநருக்குக் கிட்டக்கூடிய முன்னறிவிப்பு அந்தச் சிவப்புக் கெண்டி விளக்கே. இவ்வழைப்பு அமெரிக்க வண்டிகளைப் பற்றியது. இங்குள்ள ஈகோஸ்போர்ட் உரிமையாளர் அஞ்சி உறக்கம் இழக்க வேண்டியதில்லை. ஆனால் நனைந்த பெல்ட் உள்ள எந்த எஞ்சினிலும், கையேட்டில் குறித்த தரத்து எண்ணெயைத் தவிர வேறொன்றை ஊற்றுவது பெல்ட்டை அரிக்கக்கூடும் என்பதை மனத்திற் கொள்க. விலை குறைந்த எண்ணெயில் மிச்சமாகும் சில நூறு ரூபாய், பின்னர் எந்த வடிவில் திரும்பிவரும் என்று யாரும் சொல்ல முடியாது.

கெண்டி விளக்கு சிவப்பாக எரிந்தால் செய்ய வேண்டுவது: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பின்னால் வருவோரைப் பார்த்து, ஓரம் கட்டி, நின்ற பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும்போதே சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கும் இரண்டு மூன்று முறை மிதித்தபின் கல்லாகிவிடும். மலையிறக்கத்தில் இது உயிருக்கே உலை வைக்கும். வண்டி நின்று ஐந்து பத்து நிமிடம் கழிந்தபின், சமதரையில், எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் உரிய எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு மறையாவிட்டால், பம்போ பெல்ட்டோ கெட்டிருக்கலாம். அழுத்தத்தை அளக்கும் சிறு ஸ்விட்சு மட்டும் பழுதாகி விளக்கைப் பொய்யாக எரியச் செய்வதும் உண்டு. இவற்றுள் எது என்பதை வழியில் நிற்கும் நாம் அறிய வழியில்லை. எனவே அந்த எஞ்சினை மறுபடியும் ஓட்டக் கூடாது. கயிறு கட்டியோ, லாரியில் ஏற்றியோ கொண்டுபோவதே வழி.

இங்கே மலைப்பாதைக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. நேரான சாலையில் எரியாத கெண்டி விளக்கு, கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஒரு கணம் மின்னி மறையலாம். வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாய் ஒதுங்க, பம்பு காற்றை இழுப்பதால் நிகழ்வது அது. எண்ணெய் குறைந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிந்த அறிகுறி வேண்டா. “மின்னித்தானே மறைந்தது” என்று விட்டுவிடலாகாது. டர்போ வண்டிகள் சில இயல்பாகவே எண்ணெய் குடிப்பவை. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை செலவாகலாமென்று கையேட்டிலேயே எழுதும் நிறுவனமும் உண்டு. மூன்று மாதம் பார்க்காமல் விட்டவர் காரில் கம்பி வறண்டு நிற்பதில் வியப்பில்லை. சில கார்களில் எண்ணெய் மட்டத்துக்கென மஞ்சள் நிறக் கெண்டி தனியே உண்டு. அது மட்டம் குறைந்ததைச் சொல்வது; சிவப்போ அழுத்தம் போனதைச் சொல்வது. இரண்டும் ஒன்றல்ல.

வெப்பமானி அலையில் மிதப்பது போன்ற சிவப்பு விளக்கு, எஞ்சின் கொதிக்கிறது என்பதைக் காட்டும். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்துவிட்டு, ஓரம் கட்டி அணைக்கவும். வண்டி ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. இதே உருவம் நீல நிறத்தில் எரிந்தால் எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று பொருள். அது மறையும் வரை டர்போவை விரட்டாமல் ஓட்டுவது நன்று. பேட்டரி உருவம் சிவப்பாக எரிந்தால் பேட்டரி கெட்டது என்று எல்லோரும் எண்ணுகின்றனர். உண்மையில் மின்சாரம் உற்பத்தியாகவில்லை என்பதே செய்தி. ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். அந்தப் பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும் வண்டியாயின் சில நிமிடங்களில் கொதிப்பும் தொடரும்.

மின்சாரம் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. கொள்ளேகாலுக்கு வடக்கே காவிரி பாய்ந்து விழும் சிவனசமுத்திரத்திலிருந்து 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அவ்வயலின் சுரங்கங்களில் உழைத்தவருட் பெரும்பாலோர் நம் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே நீர்வீழ்ச்சியைக் காரில் கடந்து ஊருக்குப் போகின்றனர். இது நிற்க.

இனி மஞ்சள் விளக்குகள். இவற்றுட் பெருந்தொல்லை தருவது எஞ்சின் உருவம் கொண்ட விளக்கு. இந்தியாவில் 2010-லிருந்து முதற்படியாகவும், 2013-லிருந்து இன்னும் விரிவாகவும், கார்கள் தம் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமே சோதித்துக் குறை கண்டால் குறித்து வைக்கும் முறை கட்டாயமாயிற்று. அக்குறிப்பின் வெளித்தோற்றமே இந்த விளக்கு. அது நிலையாக எரிந்தால் ஓட்டலாம். வேகத்தைக் குறைத்து, இரண்டொரு நாளில் காட்டினால் போதும். அது விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயினுள் சென்று, அங்குள்ள விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்குகிறது. உடனே காலை எடுத்து மெல்ல ஓட்ட வேண்டும்; நடுக்கம் மிகுந்தால் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் பழைய ஸ்பார்க் பிளக்கோ, ஒரு இக்னிஷன் காயிலோ காரணமாயிருக்கும், மலிவான பொருள்கள்தாம். அவற்றைப் புறக்கணித்தவரே கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டுகின்றனர்.

வோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இ.பி.சி. என்று மூன்றெழுத்து விளக்கொன்று எரிவதுண்டு. ஆக்ஸிலரேட்டர் மிதி முதல் திராட்டில் வரையிலான மின்னணு ஏற்பாட்டில் ஏதோ பொருந்தவில்லை என்பது பொருள். பிரேக் விளக்கின் சிறு ஸ்விட்சு கெட்டாலுங்கூட அது எரியலாம். எனவே இந்த விளக்கைக் கண்டதும், பின்னால் ஒருவரை நிறுத்திப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

டர்போ வண்டிக்கே உரிய காட்சி ஒன்று உண்டு. ஏற்றத்தில் வண்டி திடீரென மூச்சிழக்கும். எஞ்சின் ஓரளவு சுற்றுக்கு மேல் எழாது. மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக்குகள் இதை ‘லிம்ப் மோடு’ என்பர். வண்டி தன்னைக் காத்துக்கொள்ள நொண்டி நடை போடுகிறது என்பதே கருத்து. இந்நிலையில் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். நிறுத்தி, அணைத்து, மீண்டும் கிளப்பினால் சில சமயம் பழைய வேகம் திரும்பிவிடும். அதனால் பழுது நீங்கியதாகக் கொள்ளலாகாது.

பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்து, “பி 0299, டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று சொல்லக்கூடும். இவ்விடத்தில்தான் நம் குடும்பங்கள் விழிப்பாயிருக்க வேண்டும். பி 0299 என்பதற்கு ‘எதிர்பார்த்த அளவு காற்றழுத்தம் வரவில்லை’ என்பது மட்டுமே பொருள். டர்போ கெட்டது என்று அது எங்கும் சொல்லவில்லை. வீட்டில் குழாய்த் தண்ணீர் மெலிந்து வந்தால் உடனே மோட்டாரை மாற்றுவோமா? குழாயில் ஓட்டையா என்று முதலில் பார்க்க மாட்டோமா? அதே நியாயந்தான். டர்போவிலிருந்து இண்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் காற்றைக் கொண்டுபோகும் ஹோஸ்கள் உள்ளன. அவற்றின் கிளிப் நழுவினாலும், ரப்பர் வெடித்தாலும் காற்று வெளியே சீறிவிடும். ஏறும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்பதும், டீசலாயின் கரும்புகை வருவதும் இதன் அடையாளம். கிளிப்பின் விலையையும் டர்போவின் விலையையும் ஒப்பிட்டால் நமக்கே நகைப்பு வரும்.

ஆகையால் மெக்கானிக்கிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ஹோஸ்களைப் பார்த்தாயிற்றா என்பது. பிறகு ஏர் ஃபில்டர் அடைந்திருக்கிறதா, அழுத்தத்தை அளக்கும் சென்சாரில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருக்கிறதா, வேக்குவம் டியூபில் வெடிப்பு உண்டா, மிகையழுத்தத்தை வெளிவிடும் வேஸ்ட்கேட் சிக்கி நிற்கிறதா என்று வரிசையாய் வர வேண்டும். இவையெல்லாம் தேர்ந்தபின்பே டர்போவின் தண்டு ஆடுகிறதா, சக்கர இதழ் உடைந்ததா என்ற ஆராய்ச்சி. வேறொரு கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்: கடைசியாக இந்த வண்டியில் யார், எங்கே கை வைத்தார்கள்? சர்வீசு முடிந்த மறுவாரமே விளக்கு எரிந்தால், ஃபில்டர் பெட்டியின் மூடியோ ஒரு பிளக்கோ சரியாகப் பொருந்தவில்லை என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. ஊரில் பத்து நாள் தொழுவத்தருகே நிறுத்திவைத்து எடுத்தபின் எரிந்தால், எலி வயரைக் கடித்ததா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். பாட்டி வீட்டு எலிக்குப் புதிய கார் என்ற மரியாதையெல்லாம் கிடையாது.

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளை கொண்ட ஒரு முனை இருக்கிறது. அதில் மாட்டிக் கைபேசியில் படிக்கும் சிறு கருவி இன்று எளிதில் கிடைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதை வாங்கி வைத்திருப்பது நல்லதே. ஆனால் குறியைப் படிப்பதோடு நிற்க வேண்டும். அழித்துவிட்டால் விளக்கு மறையும், நோய் மறையாது. மேலும், தவறு நிகழ்ந்த நொடியில் வேகம் என்ன, வெப்பம் என்ன என்று வண்டி குறித்து வைத்த விவரமும் அழிந்துபோம். கைதேர்ந்த மெக்கானிக்குக்கு அதுவே பாதிச் சாட்சி. படித்ததை எழுதி வைத்துக்கொண்டு அழிக்காமல் கொண்டுசெல்க. பி 0234 என்று வந்தால் அழுத்தம் மிகுதி. வேகத்தை விரும்பி எஞ்சினின் கணிப்பொறியில் மாற்றம் செய்துகொண்ட இளைஞரின் வண்டியிலும் இக்குறி தோன்றுவதுண்டு. அம்மாற்றத்தால் நிறுவனத்தின் உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம் என்பதை, விற்கிறவர் உரக்கச் சொல்வதில்லை.

1977-இல் ரெனால்ட் நிறுவனம் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதன்முதலாக டர்போ காரை இறக்கிற்று. அது அடிக்கடி புகை கக்கி நின்றமையால் ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று பட்டப்பெயர் பெற்றது. முதல் வெற்றிக்கு 1979 வரை காத்திருந்தது. உலகத்து வல்லுநர் கூட்டமே அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய கருவியைத் தெருமுனைக் கடையில் ஒரு மணி நேரத்தில் திருத்தி அமைத்துவிடலாம் என்று நம்புவதற்கு நம்மால் இயலவில்லை.

டீசல் டர்போ வைத்திருப்போருக்கு ஒரு சொல். 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த புகை விதிகளைத் தொடர்ந்து, டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொதுவாகிவிட்டது. நகர நெரிசலிலேயே ஓடும் வண்டியில் அக்கரி எரிந்து தீராமல் சேர்ந்து, மஞ்சள் விளக்கு எரியும். பெங்களூரில் இது மிகுதி. தடையற்ற சாலையில், கையேட்டில் கண்ட வேகத்தில், பதினைந்து இருபது நிமிடம் சீராக ஓட்டினால் கரி எரிந்து விளக்கு தானே அணையும். மளவள்ளியைத் தாண்டிக் கொள்ளேகால் வரும் சாலை இதற்கு வாய்ப்பானது. விளக்கை நெடுநாள் பொருட்படுத்தாது விட்டவருக்கு இந்த எளிய மருந்து பலிக்காது.

ஒரே சமயத்தில் ஏ.பி.எஸ்., வழுக்கல் தடுப்பு, மலையேற்றத் துணை எனக் கார்த்திகை தீபம்போல் பல விளக்குகள் எரிந்தால் பத்து உறுப்புக்கள் ஒருங்கே கெட்டதாக எண்ணிக் கலங்க வேண்டா. ஒரு சக்கரத்தின் சென்சார் சேறு பட்டுச் செயலிழந்திருக்கலாம். அல்லது பேட்டரி தளர்ந்திருக்கலாம். ஏ.பி.எஸ். மஞ்சள் மட்டும் எரிந்தால் பிரேக் பிடிக்கும், வழுக்கும்போது உதவி மட்டும் இராது. அதனோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் நிறுத்துக. கைப்பிரேக்கை விடாமல் ஓட்டுகிறோமா என்று முதலில் பார்ப்பதும் அறிவுடைமையே. டயர் விளக்கு விடியற்காலைக் குளிரில் எரிந்து வெயிலேறியதும் மறைந்தால், காற்று எல்லைக்கோட்டில் நிற்கிறது, நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு: சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியவுடன் எஞ்சின், கெண்டி, பேட்டரி, ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சினைக் கிளப்பியபின் மறைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு நல்ல விளக்கன்று. குறையை மறைக்க அதை யாரோ ஊமையாக்கியிருக்கலாம். எரிகிற விளக்குக்கு அஞ்சுவது போலவே எரியாத விளக்குக்கும் அஞ்சுக.

இனி வழிக்கு வருவோம். பெங்களூரிலிருந்து கொள்ளேகால் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அங்கிருந்து சாமராஜநகர் 40 கிலோமீட்டர் அளவு. அதன்பின் புணஜனூர் தொடங்கி ஆசனூர், திம்பம், பண்ணாரி வரை காடு. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலக் காடும், 27 கொண்டை ஊசி வளைவுகளும் அப்பகுதியில் உள்ளன. 2022 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்ற ஆணையை ஒட்டி, அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. எந்த வண்டிக்கு எந்த நேரம் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்க. மாதேசுவரன் மலை வழியும் காட்டு வழியே. ஆகவே மஞ்சள் விளக்கோடு ஓட்டலாம் என்று நாம் சொன்னது நாட்டுப்புறச் சாலைக்குப் பொருந்தும். காட்டு வாயிலில் அதற்கு வேறு பொருள். யானை நடமாடும் வழியில் நொண்டும் வண்டியோடு முதியோரையும் குழந்தைகளையும் கொண்டு நுழைதல் தகாது. மளவள்ளிக்கு முன்பே விளக்கு எரிந்திருந்தால் கொள்ளேகாலில் ஒரு மணி நேரம் செலவிட்டு ஹோஸையும் எண்ணெயையும் பார்க்கச் செய்யுங்கள். பெரிய நிறுவனத்தின் சர்வீசு நிலையமே வேண்டுமெனில், ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் மைசூர் இருக்கிறது. பொழுது சாய்ந்துவிட்டதாயின் இரவு தங்கி மறுநாள் போகலாம்; ஊரில் காத்திருப்போருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

காட்டின் நடுவிலேயே சிவப்புக் கெண்டி எரிந்தால் என்செய்வது என்று அன்பர்கள் கேட்கலாம். வளைவில் நிறுத்தாமல், இரு புறமும் வண்டிகள் தெரியும் இடத்தில் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, கதவைத் திறவாமல் உள்ளேயே இருங்கள். 112 அல்லது தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்ணை அழையுங்கள். கைபேசிக்குச் சிக்னல் கிட்டாத இடமாயின், கடந்து செல்லும் பேருந்தின் ஓட்டுநர் வழியாக அடுத்த சோதனைச் சாவடிக்குச் சொல்லியனுப்பலாம். யானை அருகில் நிற்கிறது, நிற்க இடமேயில்லை என்றால் எஞ்சினைப் பற்றிய கவலையை விட்டு ஓட்டிச் செல்லுங்கள். எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு மலைப்பாதைக்கும் பொதுவாக இன்னும் ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. ஊரிலிருந்து திரும்பும்போது பண்ணாரியிலிருந்து திம்பம் வரை டர்போ ஓயாது உழைத்து வருகிறது. உச்சியைத் தாண்டித் தேநீர்க் கடையைக் கண்டவுடன் எஞ்சினைச் சட்டென அணைத்தால், சூடேறிய டர்போவினுள் தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெல்ல ஓட்டிவந்து, நின்றபின் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது நன்று. அணைத்த பின்னரும் முன்புறத்தில் மின்விசிறி சுழலும் சத்தமோ, சிறு பம்பின் ரீங்காரமோ சில நிமிடம் கேட்கலாம். பழுதென்று எண்ணி மீண்டும் சாவியைத் திருப்ப வேண்டா. வண்டி தன் டர்போவை ஆற்றிக்கொண்டிருக்கிறது.